கடலோரச் சமையலறையில் பலகாரமும் கேக்கும்

சமையல் புத்தகங்களில் அளவு இருக்கும், நேரம் இருக்கும், அடுப்பின் சூடு எவ்வளவு என்றும் இருக்கும். காற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது. கோவளம் தொடங்கி நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் காற்றும் ஒரு சரக்குதான். உப்பு ஜாடி நீர்விடும் வீட்டில் சர்க்கரையும் நீர்விடும், வெல்லமும் வியர்க்கும், பேக்கிங் பவுடர் டப்பாவுக்குள்ளேயே செத்துப்போகும். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அவர்களும் நம் நிலைக்கு வந்துவிடுவார்கள். இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. தீபாவளியும் கார்த்திகையும் கிறிஸ்துமஸும் அந்த மூன்று மாதத்துக்குள்தான் வருகின்றன. வீடு நிறைய உறவினர் வரும் நாட்களும் அவையே.

அதனால் இந்த அத்தியாயத்தில் எதைச் செய்வது என்பதை ஈரக்காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்திருக்கிறேன். மொறுமொறுப்பை நம்பி நிற்கும் பலகாரங்களைக் கடைசி நேரத்துக்கு ஒதுக்குங்கள். பாகிலும் நெய்யிலும் ரவையிலும் நிற்பவற்றை முன்கூட்டியே செய்து வையுங்கள். மைதாவும் கிரீமும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் வெல்லம்

படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இயங்கும் மாவட்டம் இது. கரும்பு நம் கண்ணெதிரே விளைகிறது. அப்படியிருந்தும் கடையில் வெல்லம் வாங்கும்போது பலர் பளிச்சென்று மஞ்சளாக இருப்பதையே கேட்டு வாங்குகிறார்கள். அந்த நிறம் பெரும்பாலும் காய்ச்சும்போது போடும் ‘ஹைட்ரோஸ்’ என்னும் ரசாயனப் பொடியின் வேலை. பழுப்பு நிறத்தில், நகத்தால் கீறினால் கொஞ்சம் அழுந்தும், வாயில் போட்டால் உப்புக் கரிக்காத வெல்லத்தைக் கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் ‘பாகு வெல்லம்’ என்றே கேட்கலாம், எடுத்துத் தருவார்கள். அச்சு வெல்லம் பொங்கலுக்கு ஆகும், அதிரசத்துக்குச் சரிப்படாது.

வாங்கி வந்த வெல்லத்தை அட்டைப்பெட்டியில் விடாதீர்கள். எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடுங்கள். மழைக்காலத்தில் மேலே கசிந்திருந்தால் அந்தச் சாற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இல்லாவிட்டால் அளவு குறைந்து பாகு ஏமாற்றும். மண்ணும் சக்கையும் எப்படியும் இருக்கும். கரைத்து வடிகட்டாமல் எந்த வெல்லத்தையும் பாகு காய்ச்சக் கூடாது.

அதிரசம்: அவசரப்படாதவர்களுக்கு

ஈரக்காற்றுக்கு அஞ்சாத பலகாரம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதிரசத்தைத்தான் சொல்வேன். முறுக்கு நமுத்துப்போனால் வீண். அதிரசம் முதலிலேயே மெதுவானது, இன்னும் கொஞ்சம் மெதுவானால் ருசி கூடும். வெல்லப்பாகு சரியான பதத்துக்குக் காய்ந்திருந்தால் அதிலுள்ள தண்ணீரையெல்லாம் இனிப்பே பிடித்துவைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு மிச்சம் இருக்காது. இரண்டு வாரம் நிற்கும்.

மாவு பச்சரிசி 1 கிலோ, பாகு வெல்லம் 750 கிராம். பச்சரிசியைக் கழுவி இரண்டு மணிநேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, வீட்டுக்குள் நிழலில் வேட்டித் துணி விரித்து ஆறப்போடுங்கள். வெயில் காலத்தில் அரைமணி போதும். ஐப்பசி மழையில் மின்விசிறியைப் போட்டாலும் ஒரு மணிக்கு மேல் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். ஒரு பிடி அரிசியை அழுத்தினால் உள்ளங்கையில் நாலைந்து மணி ஒட்ட வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. முழுக்கக் காய்ந்த அரிசியும் கடையில் விற்கும் உலர்ந்த பாக்கெட் மாவும் இதற்கு உதவாது. அந்த மாவு பாகிலுள்ள நீரைக் குடித்துவிடும், அதிரசம் வெடித்துப் பிளக்கும்.

மில்லுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது முதல் கேள்வி, “அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?” என்பதாக இருக்கட்டும். மிளகாயோ மல்லியோ என்றால் காத்திருங்கள். அந்த நெடி பாகில் போனாலும் போகாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பல மில்களில் ஈர அரிசிக்குத் தனி மெஷின் ஒதுக்குவார்கள், நேரம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அரைத்த மாவை வீட்டுக்கு வந்ததும் சலித்து, மூடி வையுங்கள். அதே நாளில் பாகு காய்ச்சிவிட வேண்டும். ஈர மாவு மறுநாள் புளிக்கும்.

இனி பாகு. வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் வேண்டும். நுரை பெரிய குமிழியாக எழுந்து மெல்லச் சுருங்கும்போது ஒரு சொட்டை அதில் விட்டு விரலால் கூட்டிப் பாருங்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. உருட்ட வந்து, எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தால் லேசாகத் தட்டையாகும் உருண்டைதான் பதம். தட்டில் போட்டதும் ‘டக்’ என்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது, அது கடலை மிட்டாய்க்கான பாகு. சர்க்கரை வெப்பமானி வைத்திருப்பவர்கள் 114 முதல் 116 டிகிரி செல்சியஸில் நிறுத்தலாம். ஆனால் விரலுக்குப் பழக்கிக்கொள்வதே நல்லது, ஏனென்றால் வெல்லத்துக்கு வெல்லம் அழுக்கும் ஈரமும் மாறும்.

அடுப்பை அணைத்துவிட்டு ஏலக்காய்த்தூள், சுக்குத்தூள், வறுத்த எள் சேர்த்து, மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டே கிளறுங்கள். முழு மாவையும் கொட்டிவிடாதீர்கள். கரண்டியிலிருந்து மெதுவாக நழுவி விழும் தளர்ச்சியிலேயே நிறுத்தி, ஒன்றிரண்டு பிடி மாவைத் தனியே எடுத்து, புளிக்காதபடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறஆறக் கெட்டிப்படும். மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டுங்கள். ஓர் இரவு கட்டாயம், இரண்டு மூன்று நாள் இருந்தால் மேல். அந்த நாட்களில் மாவின் ஒவ்வொரு துகளுக்கும் பாகு சமமாக இறங்கும். கடலோர வீடுகளில் இந்த இடைவேளையில் மாவு இளகும், அதைக் கணக்கில் வைத்தே அந்தப் பிடி மாவைத் தனியே வைக்கச் சொன்னேன். இறுகிப்போயிருந்தால் வெதுவெதுப்பான பாலை ஒரு கரண்டி தெளித்துப் பிசைந்தால் வழிக்கு வரும்.

எண்ணெய் புகையும் அளவுக்குக் காயக் கூடாது, மிதமான சூடே போதும். முதலில் ஒரே ஒரு வில்லை தட்டிப் போட்டுப் பாருங்கள். உப்பி எழுந்தால் தொடரலாம். எண்ணெயில் பிரிந்து உதிர்ந்தால் பாகு இளம்பதம் என்று பொருள். எடுத்து வைத்த அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து, ஒரு மணிநேரம் விட்டு மறுபடி முயலுங்கள். அப்படியும் பிரிந்தால் வம்பு செய்யாமல், கொஞ்சம் கோதுமை மாவும் தேங்காய்த் துருவலும் நீரும் கலந்து குழிப்பணியாரமாகச் சுட்டுவிடுங்கள். பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். எடுக்கும் ஒவ்வொன்றையும் இரண்டு ஜல்லிக்கரண்டிக்கு நடுவில் வைத்தோ, அதிரசக் கட்டையிலோ அழுத்தி எண்ணெயைப் பிழியுங்கள். நன்றாக ஆறிய பிறகே தூக்கில் அடுக்க வேண்டும். 1 கிலோ அரிசிக்கு உங்கள் கை அளவைப் பொறுத்து 50 அதிரசத்துக்குக் குறையாது.

அச்சு முறுக்கு, சோமாசி, கல்கல் மூன்றும் இதற்கு நேரெதிர். கோவளத்து மாதா கோவில் தெருக்களில் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு இல்லாமல் தட்டு நிறையாது, ஆனால் அது காற்றுக்கு மறுநாளே தளர்ந்துவிடும். விருந்தினர் வருவதற்கு முந்தைய நாள் சுட்டு, சூடு முழுக்க ஆறியதும் காற்றுப்புகாத டின்னில் போடுங்கள். நமுத்துவிட்டால் ஓவனில் 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். எண்ணெயில் மறுபடி போட்டால் எண்ணெய்தான் ஏறும்.

ஓவனும் நம் ஊர் வெப்பமும்

கேக் செய்யக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் வெண்ணெயை ‘அறை வெப்பநிலையில்’ எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதை எழுதியவர்களின் அறை 20 டிகிரி. நம் அறை மார்கழியிலேயே 26, சித்திரையில் 34. அந்த வெப்பத்தில் வெண்ணெய் உருகிக் கிடக்கும். எவ்வளவு அடித்தாலும் அதற்குள் காற்று தங்காது, கேக் எழும்பாமல் எண்ணெய் வடிய வேகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை நறுக்கி, விரல் அழுத்தினால் பள்ளம் விழும் நிலை வந்ததுமே அடிக்கத் தொடங்குங்கள். கோடையில் அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பாத்திரத்தையும் சற்று நேரம் குளிரவைத்தால் இன்னும் நன்று. முட்டையை மட்டும் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்ற முட்டை சேர்ந்தால் கலவை திரிந்துபோகும்.

பேக்கிங் பவுடரை ஒவ்வொரு பண்டிகைக்கும் சோதியுங்கள். அரை டம்ளர் வெந்நீரில் ஒரு சிட்டிகை போட்டால் பொங்கிச் சீற வேண்டும். சும்மா கரைந்தால் தூக்கி எறியுங்கள். சிறிய டப்பாவாக வாங்குவதே இந்தக் கடலோரத்தில் சிக்கனம்.

ஓவன் இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் மணலோ உப்போ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சுடுவது நம் வீடுகளில் வெகுகாலப் பழக்கம். கேக் நன்றாகவே வரும். ஆனால் தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் காயும் குக்கரின் அடி பழுதாகும். பிறகு அதே குக்கரை அழுத்தத்தில் பருப்பு வேகவைக்கப் பயன்படுத்துவது ஆபத்து. வீட்டில் ஓய்வுபெற்ற பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள், அல்லது மூடியுள்ள கனமான இரும்புச் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டியின் அடியில் விரற்கடை உயரத்துக்கு உப்பு, அதன்மேல் ஒரு பிரிமணை. பத்து நிமிடம் காயவைத்து, கேக் தட்டை இறக்கி, தீயை மிகக் குறைத்து மூடுங்கள்.

கிரீம் பூசிய கேக்கை வீட்டில் செய்து மாமல்லபுரம் கடற்கரைக்கோ, தோட்ட வீட்டுக்கோ எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு என் அறிவுரை ஒன்றுதான்: வேண்டாம். வெண்ணெய் ஐசிங் வெயிலில் வழியும், மேலே தூவிய சர்க்கரைத் தூள் கடற்காற்றில் பிசுபிசுக்கும். வேகவைக்கும் முன்பே மேலே முந்திரியும் திராட்சையும் பதித்துவிடுங்கள், அதுவே அலங்காரம்.

ரவை கேக்கின் வழி

இந்தக் கரைக்கு ஏற்ற கேக் மாவு ரவை என்பது என் உறுதியான எண்ணம். மைதா கேக் மறுநாள் மேலே ஒட்டும், உள்ளே வறளும். ரவை பாலையும் நெய்யையும் இழுத்துத் தனக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் அப்படியே இருக்கும். தமிழ் முஸ்லிம் வீடுகளின் தம் அடை இதை எப்போதோ கண்டுகொண்டது. ஓவன் வராத காலத்திலேயே சட்டியின் கீழே தணல், மூடியின் மேலே தணல் என்று வைத்து, மேலும் கீழும் சீராகச் சிவக்க வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் விற்கும் தம் ரூட்டும் இதே குடும்பம். கடலுக்கு அப்பால் இலங்கையில் ரவை, முந்திரி, பூசணிப் பாகு, தேன், பன்னீர் சேர்த்து வேகும் லவ் கேக்கும் இதற்கு உறவுதான். சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய டச்சுக்காரர்கள் இங்கே நமக்குக் கோட்டையையும் கல்லறைகளையும் விட்டுப்போனார்கள். இலங்கையிலோ அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் கிறிஸ்துமஸுக்கு ‘ப்ரூடர்’ என்னும் கேக் சுடுகிறார்கள். நம் பக்கம் அப்படி எதுவும் தங்காதது எனக்கு வருத்தம்தான்.

தம் அடைக்கு: வெள்ளை ரவை 250 கிராம், சர்க்கரை 225 கிராம், நெய் 125 கிராம், முட்டை 4, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 200 மில்லி, முந்திரி ஒரு கைப்பிடி, ஏலக்காய் ஐந்தாறு, உப்பு ஒரு சிட்டிகை. நெய்யில் முந்திரியை வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையை நிறம் மாறாமல் மணம் வரும்வரை கிளறி இறக்குங்கள். ஆறியதும் தேங்காய்ப்பாலை ஊற்றி இரண்டு மணிநேரம் ஊறட்டும். இந்த ஊறலைக் குறைத்தால் வாயில் மணல் கடிக்கும். முட்டையையும் சர்க்கரையையும் நுரைத்து வெளுக்கும்வரை அடித்து, ஊறிய ரவையில் மெதுவாகக் கலந்து, நெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் ஊற்றி, மேலே முந்திரி பதித்து, 170 டிகிரியில் முக்கால் மணி நேரம். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வரும்போது எடுங்கள். கத்தி வைப்பது முழுக்க ஆறிய பிறகுதான். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா ஆலயமும் அருகருகே இருக்கின்றன. பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தட்டு கைமாறும் ஊர்களில் இந்த ஒரு கேக்கை இரண்டுக்கும் செய்யலாம். ஆல்கஹால் இல்லை, ஆகவே எந்த வீட்டுக்கும் தயங்காமல் கொடுத்தனுப்பலாம். வட்டிலப்பம் மட்டும் வேறு. முட்டையும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்து ஆவியில் வேகும் அதைக் காலையில் செய்தால் இரவுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பழக் கேக்கும் புயல் மாதமும்

கேரளத்துத் தலச்சேரியில் பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாப்பு 1883-இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அந்தக் கேக்கைச் சுடச் சொன்ன பிரவுன் துரை கேட்ட பிராந்திக்குப் பதில் முந்திரிப்பழமும் வாழைப்பழமும் சேர்த்து உள்ளூரில் வடித்ததை அவர் பயன்படுத்தினார் என்பார்கள். கையில் கிடைப்பதை வைத்துச் செய்யலாம் என்பதற்கு அதைவிட நல்ல முன்னோடி இல்லை. நமக்குக் கறுப்பு திராட்சைச் சாறு போதும். உலர்திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து 300 கிராம். மூழ்கும் அளவு சாறு ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் மூன்று நாள் வையுங்கள். சாற்றில் ஊறியதை வெளியே வைத்தால் நம் ஊரில் நுரைத்துவிடும்.

கறுப்பு நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்க வேண்டும். 80 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் உருக்கி, காப்பி டிகாக்‌ஷன் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அரை டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெண்ணெய் 150, பொடித்த சர்க்கரை 125 கிராமை அடித்து, முட்டை 4 ஒவ்வொன்றாகச் சேர்த்து, மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டை, ஜாதிக்காய், சுக்குத்தூள், ஆறிய கருக்குப் பாகு, சாறு வடித்து மேலே கொஞ்சம் மைதா புரட்டிய பழங்கள், பண்ருட்டி முந்திரி என்று கலந்து, 160 டிகிரியில் ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக. மைதாவைக் குறைக்கச் சொன்ன நானே இங்கே மைதா சேர்ப்பது, இத்தனை பழமும் பாகும் அதை ஈரமாகவே வைத்திருக்கும் என்பதால்தான்.

நாளைக் கவனமாகக் குறியுங்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் வாரமும் புயல் சின்னம் உருவாகும் வாரமும் இங்கே அடிக்கடி ஒன்றாகவே வருகின்றன. வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஓவனை நம்பாதீர்கள், உப்பு பரப்பிய சட்டியைத் தயாராக வையுங்கள். பாதியில் மின்சாரம் போனால் ஓவன் கதவைத் திறக்காமல் கால்மணி நேரம் பொறுங்கள். உள்ளிருக்கும் சூடு வேலையைத் தொடரும். அதற்குள் சட்டியைக் காயவைத்து, கேக் தட்டை மாற்றிவிடலாம்.

தை, மாசி

போகிக்குப் போளி. தையில் காற்று உலர்ந்துவிடுவதால் இந்தக் கரையில் பலகாரத்துக்கு இதைவிட நல்ல மாதமில்லை. கடலைப்பருப்புப் பூரணத்தை வெல்லத்தோடு சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறுங்கள், மேல்மாவை இரண்டு மணிநேரம் எண்ணெயில் ஊறவையுங்கள், வேறு ரகசியம் இல்லை.

மாசி மகத்தன்று தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூட்டம் நிறையும். அந்தப் பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து அங்கேயே தங்கும். மணலில் உட்கார்ந்து சாப்பிட, ஒட்டாத, வழியாத இனிப்பு வேண்டும். பொருள்விளங்கா உருண்டை அதற்கென்றே பிறந்தது. புழுங்கலரிசி இரண்டு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, பொட்டுக்கடலை அரைப் பங்கு, மூன்றையும் தனித்தனியாக வறுத்து, சுக்கு, ஏலக்காயோடு மில்லில் அரையுங்கள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுக்க வேண்டும். ஈரத் தேங்காய் இரண்டே நாளில் காறிவிடும். மாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக வெல்லம் எடுத்து, அதிரசப் பதத்தைவிட ஒரு படி முற்றவிட்டுக் காய்ச்சி, மாவின் நடுவே குழித்து ஊற்றுங்கள். கிளறியதும் கை பொறுக்கும் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். இதற்கு வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால்தான் நடக்கும், ஒருவராகச் செய்தால் பாதி மாவு ஆறி உதிரும். அப்படி உதிர்ந்ததை ஒரு கரண்டி சூடான பாகு தெளித்துப் பிசைந்தால் மீண்டும் பிடிக்க வரும். பிடித்த உருண்டைகளை அரிசி மாவில் புரட்டி, தட்டில் பரப்பி இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் டின்னில் அடைத்தால் பயணத்துக்குத் தயார்.